நான் பார்த்தும் சொல்லாத சிவப்பு

குழந்தைகள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களே, உங்களைப் பற்றி ஒன்று கேள்விப்பட்டேன். தொண்டை வலி என்று வரும் பிள்ளைகளுக்கெல்லாம் நீங்கள் ஆன்டிபயாட்டிக் எழுதுவதில்லையாம். "ஸ்ட்ராங்கா ஒரு மாத்திர குடுங்க" என்று மேஜையைத் தட்டும் அப்பாக்களையும் சமாளித்து அனுப்பிவிடுகிறீர்களாம். சந்தோஷம். திருத்தணியில் வேலை பார்த்த காலம் முழுக்க நானும் அப்படித்தான் இருந்தேன். அதில் எனக்குத் திமிரும் உண்டு. மூக்கின் மேல் கோபம், ஆனால் மருந்து விஷயத்தில் கெட்டி என்று ஊரில் எனக்குப் பெயர். மலையடிவாரத்து மருந்துக்கடைக்காரர்கள் என் சீட்டைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்தத் திமிர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் உண்மையாகப் பயந்தது ஒரே ஒரு தடவைதான். அது பட்டப்பகலில், பங்குனி வெயிலில், ஐம்பது பேர் சுற்றி நிற்கும்போது.

முதலில் நீங்கள் படித்ததையே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். மூக்கு ஒழுகி, இருமிக்கொண்டு, குரல் கம்மி வரும் பிள்ளைக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை. பெரும்பாலும் வைரஸ்தான், தானாகப் போய்விடும். ஆனால் இருமலே இல்லாமல், நல்ல காய்ச்சலோடு, கழுத்தில் நெறி கட்டி, தொண்டை முழுக்கச் சிவந்து வெள்ளைத் திட்டுகளோடு வரும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளையின் கதை வேறு. அங்கே ஸ்ட்ரெப் கிருமி இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பத்து நாள் மருந்து, ஒரு வேளை விடாமல். அது தொண்டைக்காக இல்லை, தொண்டை எப்படியும் ஆறிவிடும். இதயத்துக்காக. கிருமியை அரைகுறையாக விட்டால், சில பிள்ளைகளுக்கு, உடம்பு தன் இதயத்தையே எதிரி என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிடும். சில சமயம் மூளையையும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரியாமல் நடந்ததைச் சொல்வதற்காக நான் உங்களை உட்கார வைக்கவில்லை.

தை கிருத்திகை அன்று எங்கள் ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். காவடி எடுத்து மலை ஏறி இறங்கிய கூட்டத்தில் பாதி நேராக நம்மிடம் வரும். மொட்டைத்தலையில் சந்தனம் காய்ந்த குழந்தைகள், வெயிலில் மயங்கிய தாத்தாக்கள், செருப்பைத் தொலைத்துவிட்டுக் காலில் முள் குத்திக்கொண்டவர்கள். அப்படி ஒரு நாள் மத்தியானம், அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்தாள். அம்மாவின் பெயர் செல்வி. வீட்டில் இரண்டு பவர்லூம், ஒரு எருமை. பெண்ணின் பெயர் கீர்த்திகா, ஒன்பது வயது. காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை, இருமல் இல்லை. தொண்டையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு நாளாகும், அதனால் காத்திருக்காமல் மருந்தை எழுதினேன். மருந்து கொடுக்கும் இடத்தில் ஐந்து நாளைக்குத்தான் தருவோம் என்றார்கள். எழுந்து போய்ச் சண்டை போட்டுப் பத்து நாளைக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தேன். "பத்து நாள். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. புரியுதா?" என்று அதட்டினேன். செல்வி தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு அவள் ஒன்று செய்தாள். மகளின் சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு, வாய் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

வயிறு முழுக்கப் பொடிப்பொடியாகச் சிவப்பு. விரலை வைத்தேன், உப்புத்தாளைத் தடவியது போல் சொரசொரப்பு. அது இந்தத் தொண்டைக் கிருமியே போடுகிற சிவப்பு. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. சீட்டின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதினேன். சட்டையை இறக்கிவிட்டேன். அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

இதை இரண்டொரு கூட்டங்களில் சொல்லும்போது, அந்த நேரத்தில் வலிப்பு வந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். பொய். அப்படி யாரும் வரவில்லை. வரிசை நீளமாக இருந்தது. எனக்குப் பசித்தது. அவ்வளவுதான்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பக்கத்துக் கிராமங்களைப் பார்க்கும் நர்ஸ் கோமதி, தடுப்பூசிக் கணக்குக் கொடுக்க வந்தவள், போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"திட்டறதும் திட்டாததும் நீ சொல்றதப் பொறுத்து."

"அம்மையார்குப்பத்துல ஒரு பொண்ணு மேல சாமி வந்துகினு இருக்குதுங்க. ஒம்போது வயசுதான். கையி காலு ஒரு எடத்துல நிக்கறதே இல்ல. நாக்கு வெளிய வருது, சட்டுனு உள்ள போவுது. செவ்வா வெள்ளி குறி சொல்லுது. எங்கெங்கயோ இருந்து ஜனம் வருதுங்க."

"நீயும் போனியா?"

"ஆங், போனேன். ஒரு எலுமிச்சம்பழம் வச்சேன். சும்மாதான் மேடம். டிரான்ஸ்பர் வருமான்னு..."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தை கிருத்திகைக்கு மல ஏறிட்டு வந்ததுல இருந்து ஒடம்பு சரியில்லயாம். அப்புறம் அம்மா வந்து வெளையாடினாளாம்" என்றாள். அம்மை என்ற வார்த்தையை அவளும் சொல்லவில்லை. ஊசி போடும் நர்ஸ்தான், ஆனாலும் அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே கூட வாயில் எடுக்கக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறியது. பெயர் என்ன என்று கேட்டேன். கீர்த்திகா என்றாள். அந்தப் பெயர் எனக்கு மறந்துபோயிருந்தது. வயிற்றுச் சிவப்பு மறக்கவில்லை. என் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன்.

ஆஸ்பத்திரி ஜீப்பில் நானும் கோமதியும் போனோம். அம்மையார்குப்பத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் தெரியாது, அந்த ஊர் காதில்தான் முதலில் வரும். விடிந்ததிலிருந்து தறிச் சத்தம். தெருவில் நின்று பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள், கைக்குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். அன்றைக்கு நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோதும் வழக்கமான சத்தம்தான். இரண்டு தெரு தாண்டினோம். மூன்றாவது தெருவில் திரும்பியதும் சத்தம் நின்றுபோயிற்று.

வாசல் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே தறிகள் பாதி நெய்த துணியோடு அப்படியே நின்றன. கரண்ட் இருந்தது, ஒரு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு தறியிலும் ஆள் இல்லை. அத்தனை வெளிச்சத்தில், அத்தனை அமைதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

"அது உக்காந்திருக்கிற நேரத்துல தறி ஓட்டக் கூடாதுன்னு தெருவே பேசி வச்சிகினு இருக்குதுங்க" என்று கோமதி என் காதருகே சொன்னாள்.

தெருக்கோடி வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்துகள் வரிசையாகச் செருகியிருந்தன. பழைய இலை காய்ந்து உதிர உதிரப் புதிதாகச் செருகியிருக்கிறார்கள். வாசலில் ஜனம். யாரும் பேசவில்லை. என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அப்படி வழி விட்டதே எனக்குப் பிடிக்கவில்லை, யாராவது தடுத்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

உள்ளே, தறிக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பாவாடை, நெற்றி நிறையக் குங்குமம். கை ஒன்று தானாக மேலே போயிற்று, விரல்கள் நெளிந்தன, கீழே விழுந்தது. உடனே தோள் குலுங்கியது. புருவம் ஏறியது. ஒரு பக்க உதடு இழுத்தது. நாக்கு வெளியே வந்து, யாரோ பிடித்து இழுத்த மாதிரி உள்ளே போயிற்று. எதுவும் முந்தியது போலவே இன்னொரு தடவை வரவில்லை. பக்கத்தில் அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா, நின்று குறிக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். வலது கை தூக்கினால் ஆகும், இடது கை என்றால் ஆகாது. முன்னால் ஒரு பெரியவர் கும்பிட்டபடி அழுதுகொண்டிருந்தார்.

கை அவளுடையதாக இல்லை. நாக்கு அவளுடையதாக இல்லை. கண் மட்டும் கீர்த்திகாவுடையதாக இருந்தது. அந்தக் கண் கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்து நின்றது.

"நீ... பாத்த" என்றாள். குளறிய குரல். மறுபடியும், "நீ... பாத்த."

ஐம்பது தலைகள் என் பக்கம் திரும்பின.  நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் சாமியாட்டத்தைக் கண்டு பயந்தவள் இல்லை. அந்த நிமிஷம் பயந்தேன். நான் எதைப் பார்த்தேன் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"கேக்கறாள்ல? பதில் சொல்லுங்க" என்றாள் அத்தை.

இங்கேதான் உங்களிடம் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? 'இது சாமி இல்லை, நோய்' என்று சொன்னால் கூட்டம் என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தும். பெண் உள்ளே இருப்பாள். ஓய்வில்லாமல், மருந்தில்லாமல், ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இந்த மணையில் உட்கார்ந்துகொண்டு. கும்பிட்டுவிட்டுப் போனாலும் அதே கதி.  அதனால் தரையில் அவள் முன்னால் உட்கார்ந்தேன். என் இரண்டு விரலை அவள் கையில் கொடுத்து, "கண்ணு, இதக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. விடாத" என்றேன்.

பிடித்தாள். ஆனால் பிடித்தபடி இருக்க அவளால் முடியவில்லை. இறுக்கம், தளர்ச்சி, இறுக்கம், தளர்ச்சி. புத்தகத்தில் படித்தது அப்படியே என் விரலில் நடந்தது. கொரியா என்பார்கள், கை கால் தானாக ஆடும் நோய். தொண்டையில் தொடங்கிய அந்தக் கிருமியின் வேலை, இரண்டு மாதம் கழித்து மூளையில்.

செல்வி சுவரோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட்டு, "நீ பிடிச்சுப் பாரும்மா. கைக்கு எப்படி இருக்கு?" என்றேன். தயங்கி வந்து இரண்டு விரலை நீட்டினாள்.  பிறகு அவள் முகம் மாறியது. தினமும் இரண்டு வேளை எருமை கறக்கிறவள்.

"பால் கறக்கற மாரி இருக்குதுங்க" என்றாள். "என் வெரலப் புடிச்சி பால் பீச்சுதுங்க மேடம்."

"தூங்கும்போது கை ஆடுமா?"

"இல்லீங்க. தூங்கனா கட்ட மாரி கெடக்கும். கண்ணு தொறந்ததும் ஆரம்பிச்சிடும்."

அத்தை குறுக்கிட்டாள். "வந்திருக்கறவளும் தூங்க வேணாவா?"

கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் காதில் குழலை மாட்டிக்கொண்டு கீர்த்திகாவின் மார்பில் வைத்தேன். தெருவில் ஒரு தறி ஓடியிருந்தால்கூட அது எனக்குக் கேட்டிருக்காது. அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. இரண்டு துடிப்புக்கு நடுவில் ஒரு ஊதல். இதயத்தின் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிற சத்தம். தை மாதம் அவள் மார்பில் குழல் வைத்தபோது அது இல்லை. கை ஆட்டம் சில மாதங்களில் தானாகவே நின்றுவிடும். இதயம் அப்படி இல்லை. இனி ஒரு தடவை அந்தத் தொண்டைக் கிருமி வந்தால், இருக்கிற வால்வும் கெட்டுப்போகும். அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும்.

"பத்து நாள் மாத்திரை குடுத்தேனே செல்வி. என்ன ஆச்சு?"

அவள் சுவர் மாடத்தைக் காட்டினாள். அங்கே கலசத்துக்கு முன்னால், மஞ்சள் துணியில் முடிந்து, குங்குமம் வைத்து, என் மாத்திரை அட்டைகள் இருந்தன. மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். நாலாம் நாள் சிவப்பு உடம்பெல்லாம் பரவியதைப் பார்த்துவிட்டு அத்தை நிறுத்திவிட்டாள். அம்மன் வந்திருக்கும் வீட்டில் மாத்திரை கொடுத்தால் அவளை விரட்டுவதாக ஆகிவிடும். தாளிக்கவில்லை, வேப்பிலை செருகினார்கள், மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது, அவள் இறங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். அதுவும் இந்த நோயில் உரிகிற தோல்தான். பிறகு பங்குனியில் கை ஆடத் தொடங்கியதும், போகவில்லை, இங்கேயே தங்கிவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"யாரையும் ஒரு வார்த்த கேக்கலியா? ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாதா?" என் குரல் ஏறிவிட்டது.

அத்தை என்னை நிதானமாகப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. அன்றைக்கு அங்கே கோபப்பட உரிமை இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"கேட்டோமே. மொதல்ல ஒங்களத்தான கேட்டோம்" என்றாள். "எங்க செல்வி சொக்காயத் தூக்கிக் காட்டலியா? பேரச் சொல்லியா கேப்பாங்க அத? நீங்களும் தொட்டுப் பாத்தீங்க. ஒரு வார்த்த பேசல. சொக்காய எறக்கி வுட்டீங்க. அப்போ, படிச்ச டாக்டரம்மாவே கண்டுகினு வாயத் தொறக்கலன்னா, அது அவதான்னு நாங்க தெரிஞ்சிகினோம்."

 எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சின்ன வயதில் என் தங்கைக்கு முத்து போட்டபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் வேப்பிலை ஒடித்துவந்தாள். பேசாமல் இருப்பதுதான் அங்கே ஆமாம் என்று சொல்வது. எனக்குத் தெரியாத பழக்கம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்த பழக்கம். செல்வி என்னிடம் கேள்வி கேட்டாள், நான் பதில் சொல்லிவிட்டேன். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது நான், மருந்தைச் சரியாக எழுதியது நான், அந்த மருந்தை நிறுத்தியதும் நான்தான்.

கீர்த்திகாவின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போயிற்று. "பாத்த" என்றாள்.

"ஆமா, பாத்தேன்" என்றேன். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "தை கிருத்திகை அன்னிக்கு இந்தப் பொண்ணு வயித்துல இருந்த சிவப்ப நான் பாத்தேன். அது தொண்டைப் புண்ணோட கிருமி போட்ட சிவப்பு. மாத்திரையால போகுற சிவப்பு. பாத்ததுமே எனக்குத் தெரியும். மரியாதைக்காக வாய மூடிக்கல. சொல்ல எனக்கு நேரமில்ல, அலட்சியம். அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு இப்ப பள்ளிக்கூடத்துல இருப்பா. இன்னிக்குக் கூட்டிகிட்டுப் போகலேன்னா இவ இதயம் தாங்காது. தப்பு என்னோடது."

என் வயதில், என் வேலையில், ஐம்பது பேர் முன்னால் அப்படிச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வெட்கமாக இருந்தது. 

 பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர், "குறி பலிச்சிடுச்சி" என்றார். "டாக்டர் பாத்துட்டும் சொல்லல, அத அம்மனே கேட்டு வாங்கிட்டா." அது வாயிலிருந்து வாய்க்கு வாசல் வரைக்கும் போயிற்று. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மன் வந்தது எதற்காகவோ அது நடந்துவிட்டது, இனி அவள் போகலாம் என்று ஆகிவிட்டது. நான் சொன்ன கிருமியை யாரும் நம்பவில்லை. நான் ஒத்துக்கொண்டதைத்தான் நம்பினார்கள். அதை நான் அங்கே மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண் மணையை விட்டு எழுந்தாள், அது போதும் என்று இருந்தது. செல்விதான் நிலைப்படியில் இருந்த வேப்பிலையை ஒவ்வொரு கொத்தாகப் பிடுங்கினாள். யாரும் தடுக்கவில்லை. வெளியே, கீர்த்திகாவின் அப்பா நின்ற இடத்தில் நின்றபடி, "கீர்த்தி, நைனா வண்டி பின்னாலயே வரேன்டா" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஜீப் தெருவைத் தாண்டுவதற்குள் ஒரு தறி ஓடத் தொடங்கியது. பிறகு இன்னொன்று.

வழியெல்லாம் செல்விக்குச் சொன்னேன். தொண்டை, சிவப்பு, தோல், கை, இதயம், எது எதனால் என்று ஒன்றையும் விடாமல். கடைசியில் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த மாத்திரை அட்டைகளை எடுத்தாள். "பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கும் தொண்ட வலிக்குதாம். இத குடுக்கலாம்னு எடுத்து வச்சிகினு வந்தேன். குடுக்கலாங்களா?" அந்தப் பெண்ணுக்கு இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். இருமல், சளி, எல்லாம் இருந்தது. அது வேறு நோய், இந்த மாத்திரைக்கு அது கேட்காது, மிச்சத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்துப் பழக்கினால் நிஜமாகவே வேண்டும்போது வேலை செய்யாது என்று அதையும் விளக்கினேன். அட்டைகளை வாங்கிக்கொண்டேன்.

"இவ்ளோதானா மேடம்?" என்றாள் செல்வி. கோபமாகக் கேட்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே."



வைகாசி முடிவதற்குள் கை ஆட்டம் நின்றது. அப்போது ஒரு நாள், நீ பாத்த, நீ பாத்த என்றாயே, எப்படி அது தோன்றியது என்று கீர்த்திகாவிடம் கேட்டேன். "சாமி இல்ல மேடம், மாத்திர வேணும்னு சொல்ல வந்தேன். நீங்க பாத்தீங்கல்ல, நீங்க சொன்னா கேப்பாங்கன்னு. வாயி வரல" என்றாள். கூட்டத்துக்குள்ளே, குங்குமத்துக்குப் பின்னால், அந்தக் குழந்தை இரண்டு வாரமாக அதைச் சொல்லப் பார்த்திருக்கிறாள். 

வால்வுக் கசிவு நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, பல வருஷத்துக்கு. நல்ல வலி எடுக்கும் ஊசி. நான் ஓய்வு பெறும் வரை நானே போட்டேன். ஒரு தடவையும் அவர்கள் தேதி தவறவில்லை.

என் வேலையின் கடைசி மாதம், ஒரு கிருத்திகை நாள். அதே கூட்டம், அதே சந்தன மொட்டைகள். கீர்த்திகா வந்திருந்தாள், வளர்ந்துவிட்டாள். ஊசி போட்டு, மார்பில் குழல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்பவும் நீங்களே கேக்கறீங்க. நானும் ஒரு வாட்டி கேக்கட்டுமா?" என்றாள்.

குழலை அவள் காதில் மாட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு போயிற்று, தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டாள்.

"மேடம், உள்ள யாரோ 'உஷ்'னு சொல்லிகினே இருக்காங்க" என்றாள். "யார சும்மா இருக்கச் சொல்றாங்க?"

நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்தேன். அந்தச் சத்தம் எது, எங்கிருந்து வருகிறது, ஏன் வந்தது, யாரால் வந்தது, ஊசியை ஏன் விடக் கூடாது என்று எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன், மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன்.

வரிசை நீளமாக இருந்தது. எனக்குப் பசித்தது. அவள் கேட்டு முடிக்கும் வரை அடுத்த குழந்தையை நான் கூப்பிடவில்லை.